உறைந்த மழைக்கு ஒரு சொல்

மார்த்தாள் அக்காவின் சாவுச் செய்தியை எனக்குக் கொண்டுவந்தவர் காத்தான்குடிப் புடைவை வியாபாரி காசிம் காக்கா. வாவியைத் தோணியில் கடந்து மேற்கே எங்கள் படுவான்கரை ஊர்களுக்குச் சேலையும் சாரமும் கொண்டுவந்து விற்பவர் அவர். கிழக்கே எழுவான்கரையில் யார் வீட்டில் என்ன நடந்தாலும் அவருடைய துணிமூட்டையோடு செய்தியும் சேர்ந்தே வரும். அன்று காலையில் அவர் மூட்டையை இறக்கவில்லை. தலையில் கவிழ்த்திருந்த சாக்கிலிருந்து மழைநீர் சொட்டச் சொட்டப் பள்ளிக்கூடத்து வாசலில் நின்றார்.

“டீச்சரம்மா, ஒங்கட வேதக்காரம்மா மவுத்தாகிட்டாவாம். நேத்துப் பின்னேரம், அசறுத் தொழுகை நேரமாம். புளியந்தீவுல சொன்னாங்க.”

பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் அவர்களை நிறுத்தவில்லை. நிறுத்தினால் கூரையில் விழும் மழை மட்டும்தான் கேட்கும். அதைக் கேட்க அப்போது எனக்குப் பிரியமில்லை. காக்கா கொஞ்சம் தயங்கிவிட்டு, “மழைக்காலத்துல போனது அவக்கு விருப்பமாத்தான் இரிந்திருக்கும்” என்றார். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. “மழைக்குள்ள சாகிறதில என்ன விருப்பம், காக்கா?” என்று கேட்டேன். “நான் என்னத்தக் கண்டன், டீச்சரம்மா? அவ தோணியில வரக்குள்ள சொன்னதத்தான் சொன்னன்” என்றார் பாவம். அந்த மனிதரைக் கோபித்து என்ன பயன்? அக்காவோடு போடவேண்டிய சண்டையை நான் அவரோடு போட்டுக்கொண்டிருந்தேன்.

அக்காவை அறிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். என்றாலும் நம் சபையில் இப்போது புதிதாக வந்தவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்காக இரண்டு வார்த்தை. மார்த்தாள் அக்கா தேற்றாத்தீவில் பிறந்தவர். இளவயதில் புருஷனைப் பறிகொடுத்தார், பிள்ளை இல்லை. வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு வேதம் வாசித்துச் சொல்லும் வேலையை மிஷன் அவருக்குக் கொடுத்தது. படுவான்கரையில் அவர் போகாத வளவு இல்லை. நாய்கள்கூட அவரைப் பார்த்துக் குரைப்பதை விட்டிருந்தன. சைவக்காரர் வீட்டிலும் அவரை ‘வேதக்காரம்மா’ என்று கூப்பிட்டு உட்காரவைத்து வெற்றிலைத் தட்டை நீட்டுவார்கள். அவர் வெற்றிலை போடமாட்டார்; ஆனால் பாக்கை எடுத்து முந்தானையில் முடிந்துகொள்வார். எடுக்காவிட்டால் அவர்கள் மனம் நோகுமே என்பார்.

அவரிடம் ஒரு விசித்திரம் இருந்தது. கச்சான் காற்று அடிக்கும் வெயில் மாதங்களில் அவர் சொல்லும் பிரசங்கத்துக்கு எனக்கே கொட்டாவி வரும். ஐப்பசி பிறந்து, வாடை திரும்பி, வாவி கறுக்கத் தொடங்கினால் மனுஷிக்கு எங்கிருந்தோ ஒரு வேகம் வந்துவிடும். ஊரெல்லாம் சேறு மிதித்துச் சலித்துக்கொண்டிருக்கும்போது அவர் சேலையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு, “மாரி வந்திட்டுது, புள்ள! இனித்தான் கர்த்தர் பறைவார்” என்று சிரித்துக்கொண்டு வருவார். அப்போது நான் கல்யாணம் முடித்து, கணவரோடு இந்தப் பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்க வந்த புதிது. இந்த மனுஷிக்குக் கொஞ்சம் பிசகோ என்று நினைத்தேன்.

காரணத்தைப் பிறகு ஒருநாள் அவரே சொன்னார். வாவிக்கு அக்கரையில் பட்டணமான புளியந்தீவில், மிஷன் விடுதியில் அவர் படித்த காலத்தில் அங்கே ஒரு மிசியம்மா இருந்தாராம். நல்ல வெள்ளைக்கார அம்மா. காய்ச்சல் வந்த பிள்ளைகளின் தலைமாட்டில் விழித்திருப்பவர். தன் நாட்டுக் குளிர்காலத்தைப் பற்றி அந்த அம்மா அடிக்கடி சொல்வாராம். அங்கே மரங்கள் இலையெல்லாம் கொட்டிச் செத்தவைபோல் நிற்கும். வெள்ளையாக ஒன்று வானத்திலிருந்து இறங்கி நிலத்தை மூடிவிடும். பிறகு எல்லாம் உயிர்த்தெழும். ஒருநாள் அந்த அம்மா பிள்ளைகளைப் பார்த்துப் பெருமூச்சு விட்டு, “உங்கள் ஊரில் குளிர்காலம் இல்லையே. பாவம், உயிர்த்தெழுதலை நீங்கள் புத்தகத்தில்தான் படிக்கவேண்டும்” என்றாராம்.

“அன்பாத்தான் சொன்னா, புள்ள. அதாலதான் எனக்குக் கொதிச்சுது” என்றார் அக்கா. “ஏசியிரிந்தா அயத்து மறந்து போயிரிப்பன். எங்களப் பாத்து இரங்கினாவே, அதைத்தான் தாங்க ஒண்ணாமப் போச்சு. கர்த்தர் அவட ஊருக்கு ஒரு கண்ணாடியக் குடுத்துப்போட்டு எங்கள இருட்டுக்குள்ள விடுவாரா? எங்களுக்கு மாரி இரிக்கு. அதுக்குள்ள அவர் என்னத்த வச்சிரிக்கிறார் எண்டு நான் கண்டுபிடிச்சுச் சொல்லுவன்.”

அவருடைய ஊழியம் முழுவதும் அந்த ஒரு ரோசத்தில் நின்றது. அதை விளங்காதவருக்கு மார்த்தாள் அக்காவை விளங்காது.

தங்கம்மா வீட்டில் நடந்ததை இன்று நினைத்தாலும், துக்கத்துக்குள்ளும் சிரிப்பு வருகிறது. தங்கம்மா எங்கள் ஊரில் நிறைய வயல் வைத்திருக்கும் போடியார் ஒருவரின் மனைவி. வயல் வரம்பைத் தள்ளிப் போட்டான் என்று கூடப்பிறந்த தம்பியோடு சண்டை பிடித்து, மண்ணை அள்ளி அவன் முகத்தில் வீசி, நாசமாய்ப் போ என்று திட்டிவிட்டாள். அவன் கோபித்துக்கொண்டு பனிச்சங்கேணிப் பக்கம் போய்க் குடியேறிவிட்டான். அது அவள் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. “இப்பிடிப்பட்ட பாவத்தையும் உங்கட சாமி மன்னிக்குமா?” என்று ஒருநாள் அக்காவிடம் கேட்டாள். நானும் கூட இருந்தேன். அக்காவுக்குக் கண் பளபளத்தது. பாவம் எவ்வளவு சிவந்திருந்தாலும் உறைந்த மழையைப்போல் வெளுத்துப்போகும் என்று வேதத்தில் உள்ளதை எடுத்துச் சொன்னார். மிசியம்மாவின் ஊரில் இறங்கும் அந்த வெள்ளைக்கு நம் வேதத்தில் உள்ள பெயர்தான் உறைந்த மழை.

அது விதைத்து முடித்து, மழை பிந்திக்கொண்டிருந்த நேரம். ஊரே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. தங்கம்மாவின் முகம் அப்படியே மாறியது.

“என்ன சொன்னாய்? மழை உறைஞ்சு போகுமா? எல்லாம் வெளுத்துப் போகுமா?”

“ஓம் கா, பஞ்சு மாதிரி…”

“என்ன வாய் கா உனக்கு! விதைச்சுப்போட்டுத் துளி மழையக் காணாம வயிறெரிஞ்சு இரிக்கிறம். வீட்டுக்குள்ள வந்திரிந்து மழை உறையும், பயிர் வெளுக்கும் எண்டு சாபமா போடுறாய்? ஒழும்பு! ஒழும்பிப் போ!”

உலக்கையைத் தூக்காத குறை. வெளுத்த பயிர் என்றால் செத்த பயிர். உறைந்த மழை என்றால் வானத்திலேயே நின்றுபோன மழை. வயற்காரியின் காதில் வேறு எப்படி விழும்? அதற்குப் பிறகும் மழை பிந்தியதால் ஊர் முழுக்க அக்காவை ஏசியது. பிறகு மழை கொட்டி வெள்ளம் வந்தது. அதற்கும் அக்காவைத்தான் ஏசினார்கள்.

அன்றிலிருந்து அந்தச் சொல்லுக்கு நம் ஊரில் ஒரு சொல் தேடுவதே அவருக்கு வேலையாகிவிட்டது. பனி என்று சொல்லிப் பார்த்தார். நமக்கு அது புல்லில் கிடக்கும் ஈரம், வெயில் ஏறினால் போய்விடும். ஆலங்கட்டி என்றார்; அதைக் கேட்டுப் பிள்ளைகள் பயந்தார்கள். உப்பளத்து உப்பு என்றார். தாகம் எடுக்கிறது என்று நான் சொன்னேன். என் நாக்கு அப்படி. கடைசியில் அந்த வருஷத்து வெள்ளத்துக்குள் நின்றுகொண்டே அவர் அதைக் கண்டுபிடித்தார். வட்டை என்று நாம் சொல்லும் வயல்வெளி முழுவதும் ஒரே தண்ணீராகக் கிடந்தது. மழை மூட்டத்தின் கீழே கண்ணுக்கெட்டியவரை வெள்ளை. ஒரு வரம்பும் தெரியவில்லை. அக்கா நேரே தங்கம்மாவின் வீட்டுக்குப் போய், அவளைக் கையில் பிடித்து வெளியே இழுத்துவந்து காட்டினார்.

“இஞ்ச பாரு. உன்ட வரம்பு எது, தம்பிட வரம்பு எது எண்டு சொல்லு பாப்பம்?”

“ஆருக்குத் தெரியும்? எல்லாம் மூடிக் கிடக்கு.”

“கர்த்தர் மன்னிக்கிறதும் இப்பிடித்தான் கா. வரம்பு தெரியாம மூடிப்போடுவார். மறுகா தோண்டிப் பாக்கமாட்டார்.”

தங்கம்மா வாயைச் சேலைத்தலைப்பால் பொத்திக்கொண்டு அழுதாள். அடுத்த அறுவடைக்குத் தம்பி வந்து அவள் வீட்டு முற்றத்தில் சோறு தின்றான். படுவான்கரை முழுக்க அந்தக் கதை பரவியது. அக்காவின் முகத்தை அப்போது நீங்கள் பார்த்திருக்கவேண்டும். “மிசியம்மா உயிரோட இரிந்தா ஓடிப்போய்ச் சொல்லியிரிப்பன்” என்றார். கிறிஸ்து பிறந்த நத்தார் ஆராதனையில், வெள்ளத்தைப் பற்றி அவர் பெண்களுக்குச் சொன்ன அந்த நாள்தான் அவருடைய வாழ்க்கையின் உச்சம் என்று நினைக்கிறேன். அந்தச் சந்தோஷத்தை முறித்தவள் நான்.

எங்களுக்குச் சாமுவேல் என்று ஒரு மகன் இருந்தான். நம்மில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். அரிச்சுவடி தொடங்கியிருந்தான், ‘ழ’ எழுதச் சொன்னால் வாலை நீட்டி நீட்டிச் சிலேட்டுக்கு வெளியே கொண்டுபோய்விடுவான். ஒரு மார்கழியில் வாவி பொங்கி, பள்ளிக்கூடமும் எங்கள் வீடும் இருந்த மேட்டைச் சுற்றித் தண்ணீர் நின்றபோது அவனுக்குக் காய்ச்சல் கண்டது. குளிர்க்காய்ச்சல். கொத்தமல்லித் தண்ணீர் கொடுத்தோம், எதற்கும் அடங்கவில்லை. கொயினா மருந்து வாங்கிவர என் கணவர் புளியந்தீவுக்குப் போனார். போனவர் திரும்பிவர முடியவில்லை. வாடை அப்படி வீசியது. ஒரு தோணிக்காரனும் வாவியில் இறங்கவில்லை.

அவர் அக்கரையில் நிற்க, மகன் இக்கரையில் என் மடியில் போனான். அதற்குமேல் அதைப் பற்றி எழுத எனக்குத் தெரியாது. கல்லறைத் தோட்டமான சேமக்காலை தண்ணீருக்குள் கிடந்ததால் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் மேட்டிலேயே குழி வெட்டினார்கள். வெட்ட வெட்டத் தண்ணீர் ஊறியது. தங்கம்மாவின் புருஷன் சிரட்டையால் இறைத்து இறைத்துப் பார்த்துவிட்டு, “இனி ஏலாது, டீச்சர்” என்றார். அந்தத் தண்ணீருக்குள்தான் அவனை வைத்தோம்.

அடுத்த நாள் காற்று விழுந்தது. என் கணவர் வந்து இறங்கினார். சட்டைப் பையில் கொயினா இருந்தது. அவரோடு மார்த்தாள் அக்காவும் வந்திருந்தார். சேறு வழிய ஏறிவந்து என் பக்கத்தில் உட்கார்ந்து என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அவர் மார்த்தாள் அக்கா அல்லவா? கையில் இருந்ததிலேயே சிறந்ததைத்தானே தருவார்? கொஞ்ச நேரம் கழித்து என் காதுக்குள் மெல்ல, “கர்த்தர் மூடுறவர், புள்ள. வெள்ளம் மாதிரி மூடுறவர்” என்றார்.

நான் நிமிர்ந்து அவரைப் பார்த்தேன். “ஓம், அக்கா. உங்கட வெள்ளம் என்ட புள்ளையயும் மூடிப்போட்டுது. ஆர் தோண்டி எடுக்கப்போறா?” என்றேன்.

அந்தப் பேச்சுக்காக நான் வருந்துகிறேன் என்று யாரும் எண்ணவேண்டாம். இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஆனால் அதற்குப் பிறகு மார்த்தாள் அக்கா வெள்ளத்தைப் பற்றி எந்த வீட்டிலும் வாய் திறக்கவில்லை. பெண்கள் விரும்பிக் கேட்டாலும், “அது வேணாம், வேற சொல்றன்” என்று தாண்டிப் போய்விடுவார். பாடுபட்டுத் தேடிப் பிடித்த சொல்லை எனக்காகவே கீழே போட்டுவிட்டார். மாரிக்குள் கர்த்தர் என்ன வைத்திருக்கிறார் என்பது இப்போது அவருக்கு மிசியம்மாவுக்குச் சொல்லவேண்டிய பதில் அல்ல. எனக்குச் சொல்லவேண்டிய பதில்.

ஒவ்வொரு மாரியும், மகன் போன நாளை ஒட்டி, அவர் வாவி கடந்து வருவார். வந்து, ஈரச் சேலையைப் பிழிந்துவிட்டு, அடுப்படியில் என்னோடு குந்துவார். “இந்த முறை என்ன கொண்டுவந்திரிக்கிறீங்க?” என்று நான் கேட்பேன். கேலியாகத்தான் கேட்பேன். ஒருமுறை விதையைச் சொன்னார். மாரித் தண்ணீருக்குள் அழுகிக் கிடக்கிற மாதிரி இருக்கும் விதைநெல்தான் முளைக்கிறது என்றார்.

“விதை தையில கதிராகும், அக்கா. என்ட புள்ள எந்தத் தையில வருவான்?”

அவர் யோசித்தார். “உன்ட துக்கத்துக்கு இது போதாது, காணாது, என்ன?” என்றார்.

“காணாது, அக்கா.”

“ஓம் கா. காணாதுதான்.” பிறகு என்னோடு இருந்து சோறு தின்றுவிட்டுப் போனார்.

இன்னொரு மாரியில் ஆற்றுவாயைக் கொண்டுவந்தார். வாவி கடலோடு சேரும் வாயை மணல் அடைத்துக்கொள்வதும், மாரியில் வெள்ளம் முட்டும்போது மண்வெட்டிகளோடு போய் அதை வெட்டிவிடுவதும் நமக்குத் தெரிந்ததே. “கடல் அங்கால காத்துக்கொண்டுதான் நிக்குது, புள்ள. நடுவில நிக்கிறது மணல். அந்த மணல் எங்கட மனசு. வெட்டிவிட்டா துக்கமெல்லாம் இறங்கிப் போகும்” என்றார். நன்றாகத்தான் சொன்னார். வேறு யாருக்காவது சொல்லியிருந்தால் அவர்கள் அழுது தீர்த்திருப்பார்கள். நான் கேட்டேன்: “அந்த வருஷம் ஆத்துவாய் எப்ப வெட்டினவங்க எண்டு தெரியுமா, அக்கா? நாங்க அவனப் புதைச்சதுக்கு அடுத்த நாள்.” அவருக்கு அது தெரிந்திருக்கவில்லை. சுளகில் அரிசியைக் கொட்டிப் புடைக்கத் தொடங்கினார். வெகுநேரம் புடைத்தார், அதில் கல்லே இருக்கவில்லை.

அவர் கொண்டுவந்தவற்றில் ஒன்றுக்கு மட்டும் நான் கிட்டத்தட்ட வசப்பட்டேன். அதையும் எழுதிவிடுகிறேன். அக்காவின் தாயார் சைவம். கண்ணகையம்மன் கோயிலில் ஆண்டுதோறும் நடக்கும் குளுத்திக்குச் சின்ன வயதில் அக்காவைக் கூட்டிப்போயிருக்கிறார். கோபத்தில் கொதிக்கும் அம்மாளைக் குளிரவைக்கும் சடங்கு அது. “யோசிச்சுப் பாத்தன், புள்ள” என்று வந்தார் அக்கா. “மிசியம்மாட ஊரில குளிர் எண்டா சாவு. இஞ்ச அப்பிடி இல்லையே. இஞ்ச சூடுதான் கோபம், சூடுதான் நோய். நெஞ்சு குளிர்ந்தது எண்டா சந்தோஷம். வயிறு குளிர்ந்தது எண்டா வாழ்த்து. அவட ஊரில குளிரத் தாண்டித்தான் கிருபை வருது. எங்கட ஊரில குளிரே கிருபைதான்.” இதை அவர் பெண்கள் கூட்டத்திலும் சொல்லி, ஆலயத்துக்குள் குளுத்தியைக் கொண்டுவருகிறாயா என்று அப்போதிருந்த போதகரிடம் ஏச்சு வாங்கியிருந்தார். அந்த ஏச்சு அவரைத் தொடவே இல்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் உடனே மறுத்துப் பேசவில்லை. உண்மையில் அதில் ஏதோ இருந்தது. வெளியே தூறல், முற்றத்து மண் வாசம், அப்படியே அதை வாங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனால் என் கைகளுக்கு வேறொன்று நினைவிருந்தது.

“அவனும் குளிர்ந்துதான் கிடந்தான், அக்கா” என்றேன். “காய்ச்சல் விட்டிட்டுது எண்டு நினைச்சு நான் சந்தோஷப்பட்டன்.”

மார்த்தாள் அக்கா இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். அன்று அவர் சோறு தின்னவில்லை.

அதற்குப் பிந்திய மாரிகளில் அவர் எதையும் கொண்டுவரவில்லை. ஆனால் வராமலும் இருக்கவில்லை. உலக யுத்தம் வந்து, கூப்பன் அரிசிக்கு வரிசையில் நிற்கும் காலமும் வந்தது. தோணிகள் குறைந்தன, அவருக்கு இருமலும் கூடியது. அப்படியும் காசிம் காக்காவின் துணிமூட்டைகளுக்கு நடுவே படங்குச் சீலையைப் போர்த்துக்கொண்டு வந்து இறங்குவார். “இந்த முறை என்ன?” என்று நான் கேட்பதை நிறுத்தியிருந்தேன். அவர் அடுப்படியில் குந்தி நெருப்பைப் பார்த்துக்கொண்டிருப்பார். போகும்போது, “தேடிக்கொண்டுதான் இரிக்கிறன், புள்ள” என்பார். “தேடுங்க” என்பேன் நான். என் கணவர் இதையெல்லாம் பார்த்து, அந்த மனுஷியை ஏன் இப்படி வதைக்கிறாய் என்று ஒருமுறை கேட்டார். வதைப்பதா! அந்த நாள் வரும்வரை, பொழுது விடிந்ததிலிருந்து நான் துறையைப் பார்த்துக்கொண்டு நிற்பது அவருக்கு என்ன தெரியும்?

இந்த மாரியில் அவர் வரவில்லை. புளியந்தீவில் சபையார் ஒருவர் வீட்டில் படுக்கையாகக் கிடக்கிறார் என்று கேள்விப்பட்டு நான் போனேன். நான் அவரிடம் வாவி கடந்து போனது அதுதான் முதல்முறை. பின்னேரம், மழை. இரண்டு போர்வைக்குக் கீழே கிடந்தார். அந்த நெடிய உடம்பு ஒரு பிள்ளையளவுக்குச் சுருங்கியிருந்தது.

“கூதலாக் கிடக்கு, புள்ள” என்றார்.

காலைத் தேய்த்துவிட்டேன். சூடே ஏறவில்லை. கண்ணை மூடிக்கொண்டே, “மிசியம்மா சொன்னது சரிதான் போல” என்றார்.

“என்ன சரி?”

“எங்கட மாரிக்குள்ள ஒண்டுமில்ல, புள்ள. மழை மழைதான். கூதல் கூதல்தான். நான்தான் ரோசத்தில இல்லாததத் தேடித் திரிஞ்சிட்டன். உனக்குச் சொல்ல எனக்கு ஒண்டும் அம்புடல்ல.”

இத்தனை மாரியும் நான் அவரிடம் சொல்லிவந்ததைத்தான் அவர் என்னிடம் திருப்பிச் சொன்னார். கேட்க முடியவில்லை. “அப்பிடிச் சொல்லாதீங்க, அக்கா” என்றேன். “அந்த விதையச் சொன்னீங்களே, அதச் சொல்லுங்க.”

“அது காணாது எண்டு நீதானே சொன்னாய்.”

“இப்ப சொல்லுங்க. கேக்கிறன். ஆத்துவாயச் சொல்லுங்க. குளுத்தியச் சொல்லுங்க. உங்கட வெள்ளத்தச் சொன்னாலும் கேக்கிறன், அக்கா.”

பிச்சை கேட்பதுபோல் கேட்டேன். அவர் மனமிரங்கி ஒன்றையாவது சொல்லியிருக்கலாம். நான் அதை நம்பியிருப்பேன். மார்த்தாள் அக்கா வாழ்நாளில் யாருக்கும் பொய் சொல்லாதவர். என்னை நன்றாகப் பார்த்தார். “காணாதுதான், புள்ள. நீ சொன்னது சரி” என்றார். பிறகு, “போத்திவிடு” என்றார். போர்த்திவிட்டேன். கடைசித் தோணி போய்விடும் என்று வீட்டுக்காரர் வந்து சொன்னார். எழுந்து வந்துவிட்டேன். அதன்பின் வந்தது காசிம் காக்காவின் செய்திதான்.

அடக்க ஆராதனையில் போதகர் ஐயா நன்றாகவே பேசினார். உறைந்த மழையைப் பற்றிச் சொன்னார். அக்காவின் ஆத்துமா அதைப்போல் வெண்மையாக இருக்கிறது என்றார். தங்கம்மா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். பெண்கள் பலர் அக்காவின் வெள்ளப் பிரசங்கத்தைச் சொல்லிச் சொல்லி அழுதார்கள். தங்களுக்கு அது போதுமாக இருந்தது என்றார்கள். இருந்திருக்கும். நான் அதை மறுக்கவில்லை. கர்த்தர் மாரிக்குள் இருக்கிறாரா இல்லையா என்று என்னிடம் கேட்கவேண்டாம். இருக்கிறார் என்று ஒருவர் நம்பினார். அந்த நம்பிக்கையை நான் கேட்டுக் கேட்டே தேய்த்தேன். அவர் வெறுங்கையோடு போனார். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அவருடைய வேதப்புத்தகத்தைச் சபை எடுத்துக்கொண்டது. சேலைகளை ஏழைகளுக்குக் கொடுத்தார்கள். உனக்கு என்ன வேண்டும் என்று என்னிடமும் கேட்டார்கள். ஒன்றும் வேண்டாம் என்றேன். மாரிக்கு மாரி அவர் எனக்கு எத்தனையோ கொண்டுவந்தார். எல்லாவற்றையும் வாசலிலேயே வைத்துத் திருப்பி அனுப்பினேன். ‘உனக்குச் சொல்ல எனக்கு ஒண்டும் அம்புடல்ல’ என்ற அந்த ஒன்றைத்தான் மறுக்காமல் வாங்கி வைத்திருக்கிறேன். அதை மட்டும் வைத்துக்கொண்டு வரப்போகும் மாரியை எப்படிக் கடப்பது என்று கேட்க எனக்கு அக்கா இல்லை.